வானூர்வோனும் வருமுன் காப்பும்

கல்லூரியை விட்டுச் சென்ற மாணவர் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுதல் இந்நாளில் அருகிவிட்ட வழக்கம். எழுதுவோரும் சுகம் விசாரிப்பதோடும் பழைய நண்பர்களின் விலாசம் கேட்பதோடும் அமைவர். அண்மையில் எமக்குக் கிடைத்த கடிதம் ஒன்று அத்தகையதன்று. எம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் கடல் கடந்து, இன்று ஐக்கிய அமெரிக்காவில் பிரயாணிகள் விமானமொன்றின் துணை விமானியாகக் கடமையாற்றும் பழைய மாணவர் ஒருவர் அதனை வரைந்திருந்தார். அவருக்கு வயது 32. மனைவியும் ஒரு மகவும் உளர். விமானப் பயிற்சிக்காகப் பெற்ற கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. நோயினால் விமானம் ஓட்டும் தகுதியை இழப்போர்க்கு மாதந்தோறும் வருமானம் வழங்கும் குறைநிரப்புத் திட்டமொன்றிற் சேருமாறு அவருடைய தொழிற்சங்கம் அழைத்திருக்கின்றது. சேருவதற்குரிய கால எல்லையும் நெருங்கிவிட்டது. "சேர், இதிற் சேருவதா, விடுவதா? உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்" என்பதே அவர் வேண்டுகோள்.

தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது எனச் சிலர் நகைக்கலாம். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். கணக்காளரிடம் கேட்க வேண்டியதை இலக்கணம் கற்பித்த எம்மிடம் கேட்பானேன் என மயங்கினோம். ஆயினும், அவர் அனுப்பியிருந்த விதிகளை வாசித்து, அவ்விடயத்தைப் பற்றி மேலும் தேடிக் கற்றபோது, வினா எம்மிடம் வந்தது ஒருவாற்றாற் பொருத்தமே எனக் கண்டோம். இத்தகைய திட்டங்களின் உயிர்நிலை எண்களில் இல்லை; ஓரிரு சொற்களின் பொருளில் இருக்கின்றது. சொல்லின் பொருளை ஆராய்தல் எமது தொழில். ஆதலின் அவருக்கு எழுதிய மறுமொழியை விரித்து, அவர் சம்மதத்துடன் இப் பவளவிழா மலரில் வெளியிடத் துணிந்தோம். எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பல தேசங்களில், உடற்றகுதியை நம்பி நிற்கும் தொழில்களிற் புகுந்துள்ளனர். கப்பலோட்டிகளும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் அவருள் அடங்குவர். அவர்க்கும் இது பயன்படும் என்பது எம் நம்பிக்கை.

முதற்கண், விமானியின் தொழில் ஏனைய தொழில்களினின்றும் வேறுபடுமாற்றை உணர்தல் வேண்டும். எம்மைப் போன்ற ஆசிரியர்க்கு நீரிழிவு வந்தால், மருந்தை உட்கொண்டு பாடம் நடத்துகின்றோம். இருதய சிகிச்சை பெற்ற ஆசிரியர்கள் சில மாதங்களின் பின் மீண்டு வந்து வகுப்பெடுத்தலைக் கண்டிருக்கின்றோம். சட்டத்தரணி ஊன்றுகோலுடனும் நீதிமன்றம் செல்வார். இலங்கையில் அரசாங்க ஆசிரியர் ஒருவர் நோயினால் முற்றாக இயலாதவராயின், வைத்திய சபையின் முன் தோன்றி ஓய்வு பெறுதற்கும் ஒரு வழியுண்டு. விமானியின் நிலை வேறு. அவர் கையில் இரண்டு பத்திரங்கள் இருத்தல் வேண்டும். ஒன்று, விமானம் ஓட்டுதற்குரிய அனுமதிப்பத்திரம். மற்றையது உடற்றகுதிச் சான்றிதழ். முன்னது கல்வியாலும் பயிற்சியாலும் கிடைப்பது. ஒருமுறை பெற்றால் எளிதில் நீங்காது. பின்னது உடலை நம்பியிருப்பது. உடல் தளருமாயின் அதுவும் போகும். பின்னது இல்லாதபோது முன்னது வெறுங் கடதாசியே.

ஐக்கிய அமெரிக்காவில் இச்சான்றிதழை வழங்கும் அதிகாரம் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உரியது. பிரயாணிகள் விமானத்தின் தலைமை விமானி முதலாந் தரச் சான்றிதழ் உடையவராதல் வேண்டும். 40 வயது நிரம்பாதவர்க்கு அது 12 மாதங்கள் செல்லும். 40 வயதை அடைந்தோர்க்கு 6 மாதங்களே செல்லும். 35 வயதின் பின் நிகழும் முதற் பரிசோதனையில் இருதயத்தின் துடிப்பை வரைந்து பார்ப்பர். 40 வயதின் பின் ஆண்டுதோறும் பார்ப்பர். தகுதியை நீக்குவனவாக 15 நோய்நிலைகள் விதியிலேயே பெயர் சுட்டி வகுக்கப்பட்டுள்ளன. மாரடைப்பு, காக்கை வலிப்பு, காரணம் தெரியாத மூர்ச்சை, மருந்தால் அடக்க வேண்டிய நீரிழிவு, சித்தப்பிரமை, போதைக்கு அடிமையாதல் முதலியன அவற்றுட் சில. ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் இத்தனை முறை, இத்தனை நுணுக்கமாகச் சோதிக்கப்படும் தொழில்கள் உலகிற் சிலவே. 65 வயது வரை விமானம் ஓட்டலாம் என 2007 ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் அவ்வயதுவரை ஓட்டுவதற்கு உடல் இடங்கொடுக்குமா என்பதைச் சட்டம் சொல்ல முடியாது.

இவ்விதிகள் கொடியன என்று யாம் கூறவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைத் தாங்கிச் செல்பவர் நோயற்றிருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அன்றியும், அந்நிர்வாகம் காலத்துக்கேற்பச் சில தளர்வுகளையும் செய்திருக்கின்றது. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகளுள் நான்கினுக்கு 2010 ஆம் ஆண்டில் முதன்முதலாக இடமளித்தது. இன்சுலின் ஏற்றும் நீரிழிவாளரும் விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என 2019 ஆம் ஆண்டில் வழிவகுத்தது. இருதய சிகிச்சை பெற்றோரும் தக்க சோதனைகளின் பின் விசேட அனுமதியுடன் மீண்டும் பறக்கின்றனர். ஆனால், இவை எல்லாவற்றுக்கும் காலம் செல்லும். நோய் மாறினும் பத்திரங்கள் கைக்கு வருமளவும் விமானி தரையிலேயே இருத்தல் வேண்டும். அவர் தரையில் இருக்கும் மாதங்களில் அடுப்பு எரிவது எவ்வாறு? இதுவே பிரச்சினை.

அந்நாட்டில் அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கின்றதே எனக் கேட்கலாம். உண்டு. ஆயினும் அது விமானிக்குப் பெரும்பாலும் உதவாது. அத்திட்டத்தின்படி இயலாதவர் என்பவர், குறிப்பிடத்தக்க ஊதியந் தரும் எத்தொழிலையும் செய்ய இயலாதவராவர். அந்நிலை 12 மாதங்களாயினும் நீடிக்கவல்லதாக அல்லது மரணத்தில் முடிவதாக இருத்தல் வேண்டும். அவ்வாறிருப்பினும் முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் கிடையாது. ஒருமுறை வலிப்புக் கண்ட விமானி பறக்க இயலாதவர். ஆனால், அலுவலகத்தில் இருந்து கணக்கெழுத வல்லவர். ஆதலால் அரசாங்கத்தின் கண்ணில் அவர் இயலாதவரல்லர். முப்பது ஆண்டுகள் கற்ற வித்தை ஒரே நாளிற் பயனற்றுப் போனதை அவ்விதி காணாது.

இரண்டாவதாக, பல விமான நிறுவனங்கள் தம் விமானிகளுக்கு நீண்டகால இயலாமைத் திட்டமொன்றை வைத்திருக்கின்றன. அது முழுச் சம்பளத்தையும் தருவதன்று. சம்பளத்தின் ஒரு பங்கையே தருவது. மேலும், கட்டுப்பணத்தை நிறுவனமே செலுத்தி, அது ஊழியரின் வருமானத்திற் சேர்த்துக் கணிக்கப்படாதிருப்பின், பின்னர் கிடைக்கும் உதவித்தொகைக்கு வருமான வரி உண்டு. ஊழியர் தாம் வரி செலுத்திய பணத்திலிருந்து கட்டுப்பணம் செலுத்தியிருப்பின், கிடைக்கும் தொகைக்கு வரி இல்லை. இச்சிறு வேறுபாட்டை அறியாது, "பாதிச் சம்பளம் வருமே" என்று அமைதியாய் இருப்போர், பாதியிலும் குறைந்ததே கைக்கு வருமென்பதைக் காலங்கடந்தே உணர்வர். இவ்விடைவெளியை நிரப்பவே குறைநிரப்புத் திட்டங்கள் எழுந்தன. தொழிற்சங்கங்களும் விமானிகளின் கூட்டமைப்புகளும் தம் அங்கத்தவரிடம் மாதந்தோறும் ஒரு தொகையைப் பெற்று, தகுதி இழந்தார்க்கு உதவுகின்றன. நம் கிராமங்களில் மரணாதாரச் சங்கங்கள் வீட்டுக்கு வீடு பணந் திரட்டி, துக்கம் நேர்ந்த வீட்டுக்குக் கொடுப்பதைக் கண்டவர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. ஒருவர் மேல் விழும் பாரத்தைப் பலர் பகிர்ந்து தாங்கும் முறையே இஃது.

இனி, யாம் முன்னர்க் கூறிய சொல்லாராய்ச்சிக்கு வருவோம். "இயலாமை" என்ற சொல் தனித்து நிற்பதன்று. எதற்கு இயலாமை என்ற வினாவை எழுப்புவது. "தன் தொழிலைச் செய்ய இயலாமை" என்று ஒரு திட்டம் கூறும். "எத்தொழிலையும் செய்ய இயலாமை" என்று மற்றொன்று கூறும். "தன்" என்பதற்கும் "எ" என்பதற்கும் இடையிலுள்ள தூரமே ஒரு குடும்பம் வாழ்வதற்கும் தாழ்வதற்கும் இடையிலுள்ள தூரமாகும். வேறு சில திட்டங்கள் இரண்டையுங் கலந்து, முதல் 24 மாதங்களுக்குத் "தன் தொழில்" என்றும், அதன்பின் "எத்தொழிலும்" என்றும் வரையறுக்கும். மேலோட்டமாக வாசிப்பார்க்கு முதல் வரியே கண்ணிற் படும். இரண்டாம் வரி மூன்றாம் ஆண்டிலேதான் தெரியவரும். விமானிக்கெனச் செவ்வனே வகுக்கப்பட்ட திட்டம், உடற்றகுதிச் சான்றிதழை இழத்தலையே இயலாமையாகக் கொள்ளும். அங்கும், அரசாங்க நிர்வாகத்தின் தீர்ப்பே போதுமா, அன்றித் திட்டத்தின் வைத்தியரும் உடன்பட வேண்டுமா என்பதைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

வரைவிலக்கணத்தை அடுத்து நோக்கற்பாலன நான்கு. முதலாவது, காத்திருப்புக் காலம். நோய் கண்ட நாள் தொடங்கிப் பணம் வருநாள் வரை 90 நாளோ 180 நாளோ அன்றி அதனினும் மிகுதியோ என்பதை அறிந்து, சேர்த்து வைத்த நோய் விடுமுறை அக்காலத்துக்குப் போதுமா எனக் கணித்தல் வேண்டும். இரண்டாவது, உதவியின் கால எல்லை. ஓய்வு வயது வரை வருமா, சில ஆண்டுகளில் நின்றுவிடுமா? பல திட்டங்களில் மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் 24 மாத எல்லை விதிக்கப்படுகின்றது; இதனை விசேடமாகக் கவனித்தல் வேண்டும். மூன்றாவது, கழிவு. அரசாங்கத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ வரும் தொகையை இத்திட்டம் தன் தொகையிலிருந்து கழிக்குமாயின், கட்டுப்பணம் செலுத்தியும் மேலதிகமாகப் பெறுவது சிறிதாகலாம். நான்காவது, முன்னைய நோய் பற்றிய விலக்கு. சேருமுன் இருந்த நோயைத் திட்டம் எவ்வளவு காலத்துக்கு ஏற்க மறுக்கும் என்பதும், சேருங்கால் வைத்தியப் பரிசோதனை வேண்டுமா என்பதும் அறியத்தக்கன.

இவற்றைக் கூறி முடித்ததும், எம் மாணவர் தம் கடிதத்தில் எழுப்பிய தடைகளுக்கு விடை பகர்தல் முறையாகும். "யான் இளைஞன், நாள்தோறும் ஓடுகின்றேன், மதுவோ புகையோ அறியேன். எனக்கு இஃது எதற்கு?" என்பது முதற்றடை. இதற்கு விடை எளிது. நோயுற்றபின் இத்திட்டத்திற் சேருதல் அரிது. குடை விற்பவன் மழை தொடங்கியபின்னும் விற்பான். காப்புறுதி வழங்குவோர் அவ்வாறு செய்யார். உடல் நன்றாயிருக்கும் காலமே கதவு திறந்திருக்கும் காலம். பல சங்கங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தோர்க்கு ஒரு சிறு காலத்துக்கு மாத்திரம் வைத்தியப் பரிசோதனையின்றிச் சேர இடமளிக்கின்றன. அக்காலத்தைத் தவறவிட்டார் பின்னர் தம் உடல்நலத்தை நிரூபித்தே சேரல் வேண்டும். அன்றியும், வலிப்பும் மூர்ச்சையும் விபத்தும் வயதை விசாரித்து வருவன அல்ல.

"அப்பணத்தை யானே சேமித்தால் என்ன?" என்பது இரண்டாந் தடை. சேமிப்பின் பெருமையை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும், ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இஃது எடுத்துக்காட்டே; எந்தத் திட்டத்தினதும் உண்மைக் கணக்கன்று. ஒரு விமானியின் குடும்பத்துக்கு மாதம் 7,500 டொலர் வேண்டும் என்றும், அவர் தகுதி இழந்தால் நிறுவனத் திட்டத்திலிருந்து 5,000 டொலர் வரும் என்றுங் கொள்வோம். குறைவது மாதம் 2,500 டொலர். அவர் மாதம் 200 டொலராகப் பத்தாண்டு சேமித்தால், வட்டி நீங்கலாக 24,000 டொலர் சேரும். அத்தொகை அக்குறையைப் பத்து மாதங்களுக்குத்தானும் நிரப்பாது. அவர் 35 வயதில் தகுதி இழந்து 65 வயது வரை குறை நீடிப்பின், அது 360 மாதங்கள். மொத்தக் குறை 9 இலட்சம் டொலர். சிறிய துன்பத்தைச் சேமிப்புத் தாங்கும். பெரிய துன்பத்தைப் பலர் கூடியே தாங்குதல் வேண்டும். ஆதலின் சேமிப்பும் திட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. காத்திருப்புக் காலத்துக்குச் சேமிப்பும், அதற்கு அப்பாற்பட்ட காலத்துக்குத் திட்டமும் என அமைத்துக் கொள்வதே அறிவுடைமை.

"நோய் வாராவிடின் கட்டிய பணம் வீணன்றோ?" என்பது மூன்றாந் தடை. இவ்வெண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியது. சீட்டுப் போட்டால் ஒருநாள் முழுத்தொகை கைக்கு வரும். வைப்பிலிட்டால் வட்டி வரும். இதில் ஒன்றும் வாராவிடின் நட்டம் என எண்ணுகின்றோம். வேலி அடைத்தவன் அவ்வாண்டு மாடு புகவில்லையே எனத் துயரப்படுவதில்லை. கட்டுப்பணத்துக்கு ஈடாக நாம் பெறுவது மாதந்தோறும் ஓர் அச்சமின்மை. நாம் நோயுறாத ஆண்டில் நாம் கொடுத்த பணம், நோயுற்ற வேறொரு விமானியின் பிள்ளைகள் பாடசாலை செல்ல உதவுகின்றது. அதனை வீண் எனக் கொள்ளுதல் ஆகாது.

நான்காவது தடையை யாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். அங்கத்தவர் பணத்தைக் கொண்டே நடக்கும் திட்டங்கள் என்றும் ஒரே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அங்கத்தவருள் முதியோர் பெருகி இளையோர் சேராவிடின், கட்டுப்பணம் உயரும். அன்றேல் உதவித்தொகை குறையும். விதிகளை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றது, நிதியின் கணக்குகள் ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றனவா, பின்னால் ஒரு காப்புறுதி நிறுவனம் பொறுப்பு நிற்கின்றதா என்பனவற்றைக் கேட்டறிதல் ஒவ்வோர் அங்கத்தவரினதும் கடமை. சங்கம் நம்முடையது என்ற பற்று, கணக்குக் கேட்பதற்குத் தடையாகலாகாது. கணக்குக் கேட்பாரில்லாத சங்கங்கள் எவ்வாறு தேய்ந்தன என்பதை நம்மூரார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியன ஒரு குடும்பத்தின் நன்மை பற்றியன. யாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதுவே எம் உள்ளத்தைப் பெரிதும் தாக்கியது. 2015 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆந் திகதி, பார்சிலோனாவிலிருந்து ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகருக்குப் புறப்பட்ட ஜேர்மன்விங்ஸ் விமானம் பிரான்சின் அல்ப்ஸ் மலையில் மோதியது. அதிலிருந்த 150 பேரும் மாண்டனர். துணை விமானி வேண்டுமென்றே அதனை வீழ்த்தினார் என விசாரணை கண்டது. அவர் மனநோயால் வருந்தியதும், பறக்கத் தகாதவர் என வைத்தியர் எழுதிய சான்றுகளை நிறுவனத்துக்குக் காட்டாது மறைத்ததும் பின்னர் வெளிவந்தன.

பிரெஞ்சு விமான விபத்து விசாரணைச் சபை 2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் ஒரு பகுதி, யாம் ஈண்டு பேசும் பொருளையே தொடுகின்றது. அத்துணை விமானி பயிற்சிச் செலவுக்காக ஏறக்குறைய 41,000 யூரோ கடன் பெற்றிருந்தார். அவர் நிரந்தரமாகத் தகுதி இழந்திருப்பின், நிறுவனம் எடுத்திருந்த காப்புறுதியிலிருந்து ஒரேமுறையாகக் கிடைக்கக்கூடியது 59,000 யூரோவுக்குச் சற்றுக் குறைந்த தொகை. வருமான இழப்பை ஈடுசெய்யும் மேலதிகக் காப்புறுதி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. தம் உடற்றகுதிச் சான்றிதழில் இடப்பட்டிருந்த விசேட குறிப்பு அத்தகைய காப்புறுதியைப் பெறுவதற்குத் தடையாயிருக்கின்றது என அவரே 2014 டிசெம்பரில் எழுதியிருந்தார். நோயினாற் சான்றிதழ் இழக்கும் விமானியின் பொருளாதார இன்னலைக் குறைக்க நிறுவனங்கள் வழிகாண வேண்டும் என்பது அவ்வறிக்கையின் விதப்புரைகளுள் ஒன்று.

எம்மைப் பிழைபட விளங்கிக்கொள்ள வேண்டாம். காப்புறுதி இருந்திருப்பின் அக்கொடுமை நிகழ்ந்திராது என்று யாம் கூறவில்லை; அவ்வாறு கூற எவர்க்கும் உரிமையில்லை. நோயுற்ற விமானிகளுள் ஆயிரவர் கடன் சுமந்தும் எவர்க்குந் தீங்கிழைக்காது பணியை விட்டு நீங்குகின்றனர். யாம் கூறுவது இதுவே: தன் நோயை வெளிப்படுத்துவது தன் பிள்ளைகளின் உணவைப் பறிப்பதாகும் என்ற நிலையில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, அவனிடம் உண்மையை எதிர்பார்ப்பது கடினம். ஐக்கிய அமெரிக்காவிலும், விமானிகளின் மனநலம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 2024 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், நோயை வெளியிடத் தடையாயிருப்பனவற்றுள் பொருள் இழப்பையும் ஒன்றாக எண்ணியிருக்கின்றது.

அந்நாட்டின் விமான விதிகளில் எமக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சான்றிதழ் கையிலிருப்பினும், தகுதியைக் கெடுக்கும் நோய் தனக்கு உண்டெனத் தானறிந்த விமானி பறத்தலாகாது என்பது அவ்விதி. வைத்தியர் ஆண்டுக்கு ஓரிரு முறையே பார்ப்பார். எஞ்சிய நாட்களெல்லாம் விமானியின் நெஞ்சே அவருக்கு வைத்தியர். அந்நெஞ்சு அச்சமின்றித் தீர்ப்புக் கூறுதற்கு வேண்டிய துணையை நாம் ஏற்படுத்திக் கொடுத்தோமா? குறைநிரப்புத் திட்டம் அத்துணைகளுள் ஒன்று. காலையில் எழுந்து, நெஞ்சில் ஒரு வலி தோன்றியபோது, "இன்று யான் பறவேன்" எனச் சொல்ல ஒரு விமானிக்கு அது துணிவு தருமாயின், அதன் பயன் அவர் குடும்பத்தோடு நில்லாது, பின்னால் அமர்ந்திருக்கும் முகமறியாப் பிரயாணிகளையும் சேரும். ஆதலின், இதனைப் பணக் கணக்காக மாத்திரம் கொள்ளாது, தொழிலறத்தின் ஒரு பகுதியாகவும் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் துணிபு.

மனநோய்க்கு 24 மாத எல்லை விதிக்கும் திட்டங்களை யாம் மேலே சுட்டினோம். இந்நோக்கில் அவ்வெல்லை வருந்தத்தக்கது. எந்நோயை மறைத்தல் பேராபத்தோ, அந்நோய்க்கே உதவி சுருங்குகின்றது. எம் மாணவர் போன்ற இளைஞர்கள் திட்டத்திற் சேருவதோடு அமையாது, சங்கக் கூட்டங்களில் எழுந்து இதனை மாற்றுமாறு கேட்டல் வேண்டும். வெளியே நின்று குறை கூறுவோரின் சொல்லிலும், உள்ளே இருந்து கட்டுப்பணம் செலுத்துவோரின் சொல்லுக்கே வலிமை மிகுதி.

எல்லோரும் சேரவேண்டும் என்று யாம் விதிக்கவில்லை. ஓய்வு வயதுக்கு ஓரிரு ஆண்டே எஞ்சியிருப்பவர், கடனின்றிப் போதிய செல்வம் படைத்தவர், தம்மை நம்பி வாழ்வோர் எவருமில்லாதவர் ஆகியோர் சேராது விடினும் பெருங் கேடில்லை. "எத்தொழிலும்" என்ற சொல்லை வைத்து நெய்யப்பட்ட திட்டத்தையும், கழிவுகளின் பின் மேலதிகமாக ஒன்றும் தராத திட்டத்தையும் எவரும் விட்டுவிடலாம். நண்பர் சேர்ந்தார் என்பதற்காகச் சேருவதும், நண்பர் சேரவில்லை என்பதற்காக விடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

எம் மாணவருக்கு யாம் எழுதிய மறுமொழி சுருக்கமானது. "உமக்கு மனைவியும் மகவும் உளர்; கடனும் உண்டு; ஓய்வு வயதுக்கு இன்னும் 33 ஆண்டுகள் இருக்கின்றன. உமது திட்டம் சான்றிதழ் இழப்பையே இயலாமையாகக் கொள்கின்றது. ஆதலாற் சேரும். கையொப்பமிடுமுன் மனைவியை அருகிருத்தி, விதிகளை இருவருமாக வாசியும். நோயுற்ற நாளில் அப்பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டியவர் அவரே. விளங்காத சொல்லை விளங்கியதாகக் கொள்ளாதீர். ஆறு மாதச் செலவுக்குரிய பணத்தை வேறாக வையும். உடம்பில் ஏதும் மாறுபாடு தோன்றின் அன்றே சொல்லும். அவ்வாறு சொல்லுதற்கு அஞ்சாதிருக்கவே இத்திட்டத்திற் சேருகின்றீர் என்பதை மறவாதீர்" என எழுதினோம்.

இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. அன்று தொட்டு இன்றுவரை, தலைக்குமேல் இரைச்சல் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டு யன்னலை நோக்காத மாணவர் இல்லை. நோக்குங்கள், பறக்கவும் ஆசைப்படுங்கள். ஆனால், வானத்திற் செல்வார்க்குந் தரையில் ஒரு வீடு உண்டென்பதையும், அவ்வீட்டின் நலம் சில சொற்களைக் கூர்ந்து வாசிப்பதில் தங்கியிருத்தல் கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தமிழ்ப் பாடவேளையில் ஒரு சொல்லுக்கு நாம் ஏன் இத்தனை நேரம் செலவிடுகின்றோம் என வினவும் மாணவர்க்கு, இனிமேல் யாம் அவ்விமானியின் கடிதத்தையே விடையாகக் காட்டுவோம்.

எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பல்லாயிரவரை வளர்த்து, பல திசைகளுக்கும் அனுப்பிய எம் கல்லூரித்தாய் நீடு வாழ்க. அவள் மக்கள் எங்கே பறப்பினும் நலமே தரை சேர்க.